ஞாயிறு காலை மௌன விரதம்: நம் வீடுகளில் நடக்கிற காரியமா?

மஞ்சக்குப்பத்தான்:
3 மாதமாக ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணியிலிருந்து 12 வரை நான் பேசுவதில்லை. போனையும் அணைத்துவிடுவேன். என் பாட்டி ஏகாதசிக்கு இருந்த அதே மௌன விரதம்தான். முதல் இரண்டு வாரம் தலை வெடித்துவிடும் போலிருந்தது. இப்போது தேவனாம்பட்டினம் கடற்கரையில் போய் உட்கார்ந்தால் அலைச் சத்தம் தனித்தனியாகக் கேட்கிறது. இதே ஊரில் பிறந்து வளர்ந்தும் முன்பு அதைக் கேட்டதாக நினைவில்லை. எல்லோரும் ஆரம்பிக்கலாமே?

துறைமுகத்துக்காரன்:
ஏலத்தில் நான் வாயை மூடினால் மீன் அடுத்தவன் கூடைக்குப் போய்விடும். ஆளை விடுங்க.

முத்தியால்பேட்டை மருமகள்:
அண்ணா, அந்த 6 மணி நேரத்தில் கறிக்கடைக்குப் போனது யார்? எங்கள் மாமனாரும் அமாவாசைக்கு அமாவாசை மௌனம்தான். காபி வேண்டுமென்றால் சொம்பை ஒரு தட்டு. சர்க்கரை குறைந்தால் இரண்டு தட்டு. எதற்கு எத்தனை தட்டு என்று அத்தைக்கு மனப்பாடம். அவருக்கு விரதம், எங்களுக்கு ஓட்டம்.

மஞ்சக்குப்பத்தான்:
உங்கள் மாமனாரை வைத்து மௌனத்தையே குறை சொல்லலாமா? அரவிந்தர் உங்கள் ஊரில்தானே இருந்தார். 1926 நவம்பர் 24-க்குப் பிறகு தனிமைக்குள் போனவர், 1950-இல் மறையும் வரை அப்படியே இருந்தார். வருஷத்தில் சில நாள் மட்டும் தரிசனம், அதிலும் பேச்சு இல்லை.

முத்தியால்பேட்டை மருமகள்:
தெரியும் அண்ணா. அந்தத் தனிமையிலும் இரவில் கண்விழித்துச் சீடர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். எங்கள் மாமனார் ஒரு மளிகைச் சீட்டு எழுதியதில்லை.

வடலூரான்:
தங்கச்சி கேட்பதில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரில் வள்ளலார் எதை முதலில் செய்தார் என்று பாருங்கள். 1867-இல் தருமச்சாலை, ஞான சபை 1872-இல்தான். சோறு போட்டு 5 வருஷம் கழித்துத்தான் சபை. அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. ஜோதியைப் பார்க்கப் போகிறவர்களும் அங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறோம். வீட்டில் ஒருத்தி புகையில் நிற்க, நாம் கண்ணை மூடி உட்கார்ந்தால் அது எதில் சேர்த்தி?

மஞ்சக்குப்பத்தான்:
மௌனம் தப்பு என்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இப்போதுதான் வீட்டில் கேட்டேன். கறிக்கடைக்கு 3 மாதமும் அவள்தான் போயிருக்கிறாள். மழையிலும். சரி, அடுத்த ஞாயிறு மௌனம் அவளுக்கு, அடுப்படி எனக்கு.

முத்தியால்பேட்டை மருமகள்:
அண்ணி கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு சொம்பு வைத்துவிடுங்கள்.