சிட்னியில் பாய்மரப் படகு வாங்க ஆசையா? ஒரு சீசன் பொறுங்கள்

வேலை, வாடகை வீடு, பிள்ளைகள் ஸ்கூல் எல்லாம் ஒரு வழியாகி, மேன்லி ஃபெர்ரியில் இரண்டு தடவை போய்வந்ததும் நம்மில் சிலருக்கு இந்த ஆசை பிடித்துக்கொள்கிறது. கம்ட்ரீ விளம்பரத் தளத்தில் தேடினால் பழைய கார் விலைக்கே படகு இருக்கும். லைசென்ஸும் வேண்டாம்: நியூ சவுத் வேல்ஸில் மணிக்கு 10 கடல் மைலோ அதற்கு மேலோ எஞ்சினில் ஓட்டினால்தான் லைசென்ஸ், சின்ன பாய்மரப் படகு எஞ்சினில் பொதுவாக அந்த வேகத்துக்குப் போகாது. யாரும் தடுக்கமாட்டார்கள், அதுதான் சிக்கலே.

படகு மலிவு, அதை வைத்திருப்பது மலிவில்லை. 5.5 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டும். மிதவையில் கட்டிவைக்கும் மூரிங்குக்கு நல்ல இடங்களில் வெயிட்டிங் லிஸ்ட், மரீனா எனும் படகுத்துறை என்றால் மாத வாடகை. பாசி, சிப்பி ஒட்டாமலிருக்க அடிப்பாகத்துக்கு அவ்வப்போது பெயின்ட். பாயும் கம்பிகளும் தேய்ந்துபோனால் அது தனிக்கணக்கு.

அதனால் முதலில் அடுத்தவர் படகில் ஏறுங்கள். டேலைட் சேவிங் மாதங்களில் துறைமுகத்து கிளப்புகள் சாயங்காலம் ட்வைலைட் ரேஸ் வைக்கும். பேர்தான் ரேஸ், பாதிப் பேர் பியரோடு காற்று வாங்க வருகிறவர்கள். ஆள் குறையும் படகுகள் எப்போதும் இருக்கும், கிளப்புக்குப் போன் போட்டு "புதுசு, ஒன்றும் தெரியாது" என்று நேராகச் சொல்லுங்கள், சங்கடமே வேண்டாம். கறுப்பு ரப்பர் அடி ஷூ மட்டும் போடாதீர்கள், டெக்கில் கோடு விழுந்தால் ஓனர் முகம் மாறிவிடும்.

கூடவே ஒரு கோர்ஸும் செய்யுங்கள். ஆஸ்திரேலியன் செய்லிங் அமைப்பின் ஆரம்ப கோர்ஸான ஸ்டார்ட் க்ரூயிங்கில் தொடங்கலாம். படகு திரும்பும்போது பூம் (பாயின் அடியில் இருக்கும் கம்பம்) உங்கள் தலைக்கு நேராக வரும், குனிவது பழக்கமாக வேண்டும். வின்ச்சில் (கயிறு இழுக்கும் உருளை) சுற்றிய கயிற்றைத் தளர்த்தும்போது விரல்களை உள்ளே விடாமல், உள்ளங்கையைச் சுற்றுகள் மேல் அழுத்தி மெல்ல நழுவவிட வேண்டும். யூடியூபில் பார்த்து வராது, கையில்தான் வரும். காற்று வரும் திசைக்கு நேராகப் படகு போகாது, ஏறக்குறைய 45 டிகிரி சாய்வாக இப்படியும் அப்படியும் வெட்டித்தான் போகணும் என்பதும் ஒரு மணி நேரம் டில்லரை, அதாவது சுக்கான் பிடியை, பிடித்தால் புரிந்துவிடும்.

அப்புறம் துறைமுகம். ஆரஞ்சு டைமண்ட் குறி மாட்டிய ஃபெர்ரிக்குப் பாய்மரப் படகுதான் வழிவிட வேண்டும், "எஞ்சின் படகுதானே ஒதுங்கும்" என்ற பொது விதியை அங்கே நம்பாதீர்கள். கோடை மதியம் வடகிழக்குக் காற்று நன்றாகவே இருக்கும். ஆனால் வெயில் கொளுத்தும் நாளில் சதர்லி பஸ்டர் எனும் திடீர் தெற்குக் காற்று அடித்தால் சில நிமிடங்களில் வெப்பம் 10 டிகிரிகூட இறங்கும், பாயைச் சுருக்க நேரம் இருக்காது. அதை முதல் தடவை சந்திக்கும்போது சுக்கானில் வேறொருவர் இருப்பது நல்லது.

நீச்சல் தெரியாதா? கவுன்சில் பூலில் பெரியவர்களுக்கும் வகுப்பு உண்டு, அதை முதலில் முடியுங்கள். லைஃப் ஜாக்கெட் இருக்கே என்று சொல்லாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களையும் ஒரு ட்வைலைட் ரேஸுக்குக் கூட்டிப்போங்கள். அவர்களுக்குக் குமட்டினால் வாங்கப்போவது உங்கள் ஒருவருக்கான படகுதான், அதற்கு டிங்கி எனும் குட்டிப் படகே போதும். ஒரு குளிர்காலமும் தாண்டி ஆசை அப்படியே இருந்தால் பாருங்கள், ஆனால் படகைச் சோதித்துச் சொல்ல விற்பவர் காட்டும் சர்வேயர் வேண்டாம். நீங்களே ஒருவரைப் பிடித்து, படகைத் தண்ணீரிலிருந்து தூக்கவைத்து அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கும் செலவும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.