சரிவு நிலத்துக்குச் சான்று: திறமை மட்டும் போதுமா?

கேள்வி (குன்னூர், இளம் பொறியாளர்):
அனைவருக்கும் வணக்கம். பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சரிவான ஒரு மனையில், மண்ணைத் தோண்டிப் பார்க்காமலேயே ‘கட்டடம் கட்ட ஏற்றது’ என்று அறிக்கை எழுதித் தரும்படி மேலாளர் கேட்கிறார். நாடு வளர வீடும் சாலையும் விரைந்து எழ வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால், கற்ற கணக்கையெல்லாம் ஒரு பொய்க்குத் துணையாக நிறுத்துவதா என்ற எண்ணம் என்னை உறங்கவிடவில்லை. நேர்மையைப் பிடித்துக்கொண்டு இத்தொழிலில் நிலைக்க முடியுமா?

பதில் (கோத்தகிரி, ஓய்வுபெற்ற பொறியாளர்):
தம்பி, 2009 நவம்பர் மழையில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நம் நீலகிரி மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது நீங்கள் சிறுவனாக இருந்திருப்பீர்கள். தடுப்புச் சுவர் கட்டுகிறவர்கள் அதன் கனத்தைப் பற்றியே பேசுவார்கள். சுவரைக் காப்பது, பின்னால் தேங்கும் நீரை வெளியேற்றும் துளைகளும் அவற்றை அடுத்து நிரப்பும் கற்களுமே. அவற்றைக் குறைத்தால் பணம் மிச்சமாகும், கோடை முழுவதும் சுவரும் நேராகவே நிற்கும். என்றோ ஒரு பெருமழையில் நீரைக் குடித்துக் கனத்த மண் அதைத் தள்ளும்போது, கீழ் வரிசை வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பவர் அந்த மிச்சத்தில் ஒரு காசும் பெறாதவர். இலாபம் ஒருவருக்கும் ஆபத்து இன்னொருவருக்கும் போகிற தொழில் இது. ஆகவே அறத்தைத் தனிப்பட்ட ஒழுக்கமென்று ஒதுக்க முடியாது. மண்ணின் வலுவைக் கணக்கிடுவதுபோல அதுவும் வேலையில் சேர்ந்தது. நிலைக்க முடியுமா என்றால், எளிதாக இராது; எனக்கும் இரண்டு முறை இடமாற்றம் வந்தது. ‘மண் சோதனை செய்யப்படவில்லை’ என்று எழுதிக் கொடுத்து, நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் (கொடைக்கானல், ஆசிரியை):
ஐயா சொன்னதை எங்கள் ஊரே பட்டு அறிந்தது. இங்கிருந்த வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. உடல் வெப்பத்தை நுட்பமாக அளக்கும் கருவியைச் செய்யத் தெரிந்த இடத்திலிருந்துதான், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி பழைய பொருள் கடைக்குப் போனது. ஏற்றுமதி வருவாய் அன்றே வளர்ச்சிக் கணக்கில் ஏறிவிட்டது. பாதரச நச்சால் உடல்நலம் கெட்டதாக முறையிட்ட முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனத்துக்கு உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆயிற்று. அந்த இடைப்பட்ட ஆண்டுகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

கேட்டவர்:
ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நன்றி. நாளை காலை குழி தோண்ட இரண்டு பேரை வரச் சொல்லியிருக்கிறேன். கூலியை நானே கொடுத்துவிடுகிறேன்.