0588235294117647: அதிசயமா, வெறும் வகுத்தல் கணக்கா?

தசமப்பித்தன்:
பெருக்கப் பெருக்க இலக்கங்கள் வட்டமாகச் சுற்றும் 142857 (1/7-இன் தசமம்) பற்றி எல்லாரும் பேசியாகிவிட்டது. அதைவிடப் பெரிய ஆள் 0588235294117647. 2-ஆல் பெருக்கினால் 1176470588235294. 3-ஆல் பெருக்கினால் 1764705882352941. 16 வரை எதனால் பெருக்கினாலும் அதே இலக்கங்கள், அதே வரிசை. தொடங்கும் இடம்தான் மாறும். 17-ஆல் பெருக்கினால் பதினாறு 9. நடுவில் வெட்டி இரு பாதியையும் கூட்டினால் எட்டு 9. இதற்கு ஈடான எண் உண்டா?

கரும்பலகை:
தம்பி, அது 1/17-இன் தசமம், அவ்வளவுதான். வகுத்துப் பாருங்கள். மீதி 1, 10, 15, 14, 4, 6, 9, 5 என்று போய், 1 முதல் 16 வரை எல்லா மீதியும் ஒருமுறை வந்தபின் மறுபடி 1. 2-ஆல் பெருக்குவது என்றால் அதே வட்டத்தில் மீதி 2 இருக்கும் இடத்தில் ஏறுகிறோம். மாயம் எங்கே? இரண்டின் அடிமானத்தில், அதாவது 0, 1 மட்டும் வைத்து எழுதினால் 1/17 எட்டு இலக்கத்திலேயே திரும்பிவிடும். விரல் பத்து என்பதால் வந்த வேடிக்கை இது. இதே மாதிரி வேடிக்கை ஒன்று: 8712, 9801 இரண்டும் தம்மைத் திருப்பிப் போட்ட எண்ணின் மடங்குகள். 1221 போல திருப்பினாலும் மாறாதவற்றையும் பூஜ்ஜியத்தில் முடிபவற்றையும் விட்டால், நான்கு இலக்கத்தில் வேறு கிடையாது. அதையே புதிர்ப் பகுதிக்குத்தான் லாயக்கு என்று 1940-இல் எழுதிவிட்டார் கணிதவியலாளர் ஹார்டி.

நாலாம்வரிசை:
முன்னால் பூஜ்ஜியம் போட்டு 16 இலக்கம் என்பது போங்கு. முன்பூஜ்ஜியம் இல்லாமல் இந்த வித்தை காட்டுவது 142857 மட்டும்தான்.

தசமப்பித்தன்:
பூஜ்ஜியமும் சேர்ந்துதான் சுற்றுகிறது, அதை எடுத்தால் வட்டம் உடைந்துவிடும்.

கரும்பலகை சார், அடிமானத்தை மாற்றினால் வேடிக்கை ஒழியாது, வேறு பகா எண்ணுக்குத் தாவும். 1/13 நம் பத்தில் 076923, ஆறு இலக்கத்தில் வட்டம் முடிந்துவிடுகிறது. இரண்டின் அடிமானத்திலோ முழுசாகப் பன்னிரண்டு. அப்படியென்றால் இதற்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம்? பத்தில் முழு வட்டம் சுற்றும் (17-க்கு 16 இலக்கம் போல, தன்னைவிட ஒன்று குறைவான இலக்கம் வரும்) பகா எண்கள் முடிவில்லாமல் உண்டா என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. 1927-இல் கணிதவியலாளர் ஆர்ட்டின் முன்வைத்த ஊகப்படி அவை பகா எண்களில் சுமார் 37.4 சதவீதம். 1967-இல் ஹூலி என்ற கணிதவியலாளர் அதை நிரூபித்தார், ஆனால் இன்னும் நிரூபிக்கப்படாத பொதுமைப்படுத்திய ரீமான் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டு. புதிர்ப் பகுதிக்காரர்கள் இவ்வளவு மெனக்கெடுவார்களா?

கரும்பலகை:
ஆர்ட்டின் கேட்டது 17 மாதிரி பகா எண்களைப் பற்றி. உங்கள் பதினாறு இலக்கம் அதன் நிழல். நிழலுக்கு மாலை போடுகிறீர்கள்.

தசமப்பித்தன்:
நிழலைப் பார்த்துத்தானே ஆளைக் கண்டுபிடித்தோம்! சரி, ஆளையே எடுத்துக்கொள்வோம். 100-க்குள் முழு வட்டம் சுற்றுபவை 7, 17, 19, 23, 29, 47, 59, 61, 97. வகுத்துப் பார்க்காமல், 59 உள்ளே வந்து 53 ஏன் வெளியே நிற்கிறது என்று சொல்லுங்கள் சார்.