இரவல் போன படங்கள்: கொடுத்தவர்கள் சொல்லும் அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

படம் இரவல் கொடுத்த அனுபவம் என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இரண்டாவது சிடிதான். விசிடி காலத்தில் படம் சேர்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஒரு விசிடியில் 74 நிமிடம், மிஞ்சிப்போனால் 80 நிமிடம் பிடிக்கும். நம் படங்களோ இரண்டரை மணி நேரம் ஓடும். அதனால் ஒரு படத்துக்கு இரண்டு சிடி, நீளமான படமென்றால் மூன்று. வாங்கிப் போகிறவர்கள் முதல் சிடியைப் பார்த்து முடித்ததும் ஒழுங்காகப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். கடைசி சிடி மட்டும் பிளேயருக்குள்ளேயே தங்கிவிடும். படம் முடிவதற்குள் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள், இருக்கிற ஆள் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார். மறுநாள் பெட்டி மட்டும் நம் வீட்டுக்கு வரும்.

அத்தை வீட்டுக்கு அப்படி ஒரு குடும்பப் படம் போனது. பெட்டியைத் திறந்தால் இரண்டாவது சிடி இல்லை. போன் செய்து கேட்டேன். “பிளேயரே பக்கத்து வீட்டுக்காரங்களோடதுப்பா. அவங்க அதைத் தூக்கிட்டு மக வீட்டுக்குத் தென்காசி போயிட்டாங்க” என்றாள். சிடியும் கூடவே தென்காசி போய்விட்டது. அங்கே அந்த மகளின் மாமியார் பிளேயரைப் போட்டதும் படம் பாதியிலிருந்து ஓடியிருக்கிறது. முழுக்கப் பார்த்துவிட்டு, ‘இதற்கு முன்னால் என்ன நடந்தது, அந்தச் சிடி யாரிடம் இருக்கிறது’ என்று விசாரித்து ஆள் சொல்லி அனுப்பிவிட்டார். நானும் முதல் சிடியை அத்தை மூலமாகக் கொடுத்தனுப்பினேன். இரண்டும் சேர்ந்து திரும்பி வந்தபோது கூடவே ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் வந்தது. அந்த அம்மாவை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அதற்கப்புறம் பல வருஷம், அலமாரியில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று அத்தையிடம் கேட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார். கேட்டதையெல்லாம் கொடுத்தேன். ஒரு படம்கூட அவரிடம் தொலைந்ததில்லை.

சித்தப்பா விஷயம் வேறு. அவர் ரொம்பப் பொறுப்பானவர். இரவல் வாங்கிய சிடி வேறு யாருடையதோடும் மாறிவிடக் கூடாது என்று, படத்தின் பெயரையும் என் பெயரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி சிடியின் மேல்பக்கம் ஒட்டிவிட்டார். திருப்பித் தரும்போது, ஸ்டிக்கர் அசிங்கமாக இருக்கிறதே என்று அவரே உரித்தும் விட்டார். ஸ்டிக்கரோடு வெள்ளிப் பூச்சும் வந்துவிட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நடுவில் ஒரு கட்டை விரல் அகலத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. அந்த இடம் வந்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்படியே நின்றுவிடும்.

பளபளப்பான அடிப்பக்கத்தைத்தான் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும், மேல்பக்கம் படம் அச்சடித்த பக்கம்தானே என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சிடி, விசிடி இரண்டிலும் அது நேர்மாறு. படம் பதிந்திருக்கிற பூச்சு மேல்பக்க அச்சுக்கு அடியிலேயே, மெல்லிய அரக்குப் பூச்சின் காவலில் இருக்கிறது. அடிப்பக்கம் கீறல் விழுந்தால் தேய்த்துச் சரிபண்ண வழி உண்டு, மேல்பக்கம் உரிந்தால் போனது போனதுதான். டிவிடியில் அந்தப் பூச்சு இரண்டு தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் கொஞ்சம் தாங்கும். இதைச் சித்தப்பாவுக்கு எடுத்துச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் வீட்டில் எந்தச் சிடியைத் தொட்டாலும் ஓரத்தையும் நடு ஓட்டையையும் மட்டும்தான் பிடிக்கிறார். பேரப்பிள்ளைகளுக்கும் அப்படியே பழக்கிவிட்டார்.

2007 வாக்கில் மோசர் பேயர் கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்க ஆரம்பித்ததும் இரவல் பழக்கமே மாறிப்போனது. மளிகைக் கடையில்கூடப் படம் தொங்கியது. ‘முப்பது ரூபாய்ப் படம்தானே, அதைப் போய்த் திருப்பிக் கேட்கிறாயே’ என்று நெருங்கிய நண்பர் ஒருவர் கேட்டபோது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. விலை குறைந்ததால் படம் எப்போதும் கிடைக்கும் என்றாகிவிடாது. அந்தக் கம்பெனியையே 2018இல் கலைக்கச் சொல்லி உத்தரவாகிவிட்டது. அன்றைக்கு 34 ரூபாய்க்கு வாங்கிய சில பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்று எந்தக் கடையிலும் இல்லை. யூடியூபில் இருப்பதோ, பாட்டுகளை வெட்டி, ஓரத்தில் ஏதோ ஒரு சேனலின் முத்திரை குத்திய பிரிண்ட்.

ஆனால் தொலைந்த படத்தைவிட எனக்கு அதிகம் வலித்தது பார்க்கப்படாமல் திரும்பிய படம்தான். ஆபீஸில் ஒருவர், பெரிய சினிமா ரசிகர் என்று பெயர் வாங்கியவர், ஆசையாகக் கேட்டாரே என்று நான் அப்போதுதான் வாங்கிய டிவிடியைப் பிரிக்காமலே கொடுத்தேன். மாதக்கணக்கில் மேஜை டிராயரில் கிடந்து, வேறு செக்‌ஷனுக்கு மாற்றலானபோது திருப்பித் தந்தார். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அவர் மேல் கோபமில்லை. நான் படம் கொடுப்பதே, பார்த்துவிட்டு வந்து அதைப் பற்றி நாலு வார்த்தை பேசுவார்கள் என்பதற்குத்தான். “அந்த அம்மா கடைசியில் கதவைத் திறக்கவே இல்லையே, ஏன்?” என்று ஒருவர் வந்து கேட்டால் போதும், கீறல் விழுந்திருந்தாலும் பரவாயில்லை.

இப்போதெல்லாம் படத்தோடு பிளேயரையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. மதினியின் அம்மா ஒரு பழைய பக்திப் படம் கேட்டார். என்னிடம் டிவிடி இருந்தது, அவர்கள் வீட்டில் பிளேயர் இல்லை. என்னுடையதைத் தூக்கிக்கொண்டு போனால், அவர்களுடைய புது டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் செருகும் ஓட்டையே இல்லை, எச்டிஎம்ஐ மட்டும்தான். அப்புறம் கடைக்குப் போய், பழைய வயரை எச்டிஎம்ஐக்கு மாற்றிக் கொடுக்கிற சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து இணைத்தேன். படம் ஆரம்பித்ததும் அவர் எழுந்து போய் விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்தப் பெட்டியையும் பிளேயரையும் அங்கேயே வைத்துவிட்டேன். மாதத்துக்கு ஒரு படம் போகிறது.

ஸ்காபரோவிலிருந்து:

உங்களுக்கு இரண்டாவது சிடி என்றால், எங்களுக்கு இங்கே கனடாவில் இரண்டாவது கொப்பி. வீடியோ கசெட்டை எங்கள் ஆட்கள் கொப்பி என்றுதான் சொல்வோம். ஊரில் இருந்தும் சிங்கப்பூரில் இருந்தும் வருகிற கொப்பிகள் ‘பால்’ (PAL) என்ற ரீவி முறையில் பதிந்தவை. இங்கே உள்ள ரீவியும், கொப்பி ஓட்டுகிற டெக்கும் என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறை. போட்டால் படம் உருண்டு உருண்டு ஓடும், நிறமும் வராது. இரண்டு முறையும் ஓடக்கூடிய டெக் அப்போது ஒரு சில வீடுகளில்தான் இருந்தது. அப்பா கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து அப்படி ஒன்று வாங்கினார். அதில் இருந்து இங்கத்தைய முறைக்குப் பதிந்துதான் மற்றவர்களுக்குக் கொடுப்போம். இங்கே பரவலாகக் கிடைத்த டி-120 கசெட் நல்ல தரத்தில் பதிந்தால் இரண்டு மணித்தியாலம்தான் பிடிக்கும். எங்கள் படம் அதற்குள் அடங்காது. மெதுவான வேகத்தில் பதிந்தால் ஒரே கசெட்டில் முடியும், ஆனால் முகம் எல்லாம் மங்கிப்போய்விடும். அப்பாவுக்கு அது பிடிக்காது. இரண்டு கசெட்டில் பதிந்து, இரண்டையும் இறப்பர் வளையத்தால் கட்டித்தான் கொடுப்பார்.

தமிழ்க் கடைகளில் மரக்கறி வாங்கப் போகிற இடத்திலேயே கொப்பி வாடகைக்கும் எடுக்கலாம். ஆனாலும் சனம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அகதியாக வந்து, வேலை தேடிக்கொண்டிருந்த பெடியங்கள் ஒரு அறையில் நாலைந்து பேராக இருந்தார்கள். அவர்களிடம் வாடகைக் காசு கேட்க அப்பாவுக்கு மனம் வராது. “பார்த்துப்போட்டு ஆறுதலாகத் தாங்கோ தம்பி” என்பார்.

கசெட்டின் முதுகுப் பக்கம் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறொன்றைப் பதிய முடியாது. அப்பா எல்லாவற்றிலும் அதை உடைத்துத்தான் வைத்திருந்தார். ஆனால் அந்த ஓட்டையின் மேல் ஒட்டுநாடா ஒட்டினால் திரும்பவும் பதியலாம் என்பதைப் பெரியம்மாவின் மகன் கண்டுபிடித்துவிட்டான். ஒரு படத்தின் உச்சக்கட்டத்தில், தாயும் மகனும் சேர்கிற இடத்தில், ஐஸ் ஹொக்கி விளையாட்டு வந்துவிட்டது. அப்பா அவனை ஏசவில்லை. படத்தை முன்பே பார்த்திருந்த அம்மாதான் மிச்சக் கதையை எங்களுக்கு இருத்திவைத்துச் சொன்னா. எனக்கு அந்தப் படம் இன்றைக்கும் பாதி அம்மாவின் குரலில்தான் நினைவில் இருக்கிறது.

தூத்துக்குடியிலிருந்து:

கேசட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள், பூஞ்சையை யாரும் சொல்லவில்லையே. கடலோர ஊரில் அதுதான் முதல் எதிரி. என் மாமாவிடம் இரவல் போன கேசட்டுகள் பல வருஷம் கழித்து, அவர் வீட்டைக் காலி செய்தபோது மொத்தமாகத் திரும்பி வந்தன. கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. அவற்றில் என் அக்கா கல்யாணக் கேசட்டும் உண்டு. ஓட்டிப் பார்க்கலாமா, இல்லை வெளியே கொடுக்க வேண்டுமா?

பாளையங்கோட்டையிலிருந்து:

ஓட்டிவிடாதீர்கள். பூஞ்சை பிடித்த நாடாவை டெக்கில் போட்டால் தூள் உதிர்ந்து, நாடாவைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அதே டெக்கில் போடுகிற நல்ல கேசட்டுக்கும் தொற்றும். நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் சுற்றும்போதே கிழிந்துவிடும். ரீவைண்டும் செய்ய வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கவரில் போட்டு, மற்ற கேசட்டுகளிலிருந்து பிரித்து, ஈரமில்லாத இடத்தில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். கேசட்டைப் பிரித்து நாடாவைச் சுத்தம் செய்து, பிறகு கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய போட்டோ ஸ்டுடியோக்களிலும், கல்யாண வீடியோ எடுக்கிறவர்களிடமும் விசாரித்தால் தெரியும். கொடுப்பதற்கு முன்னால், பூஞ்சை இருக்கிறது, சுத்தம் செய்யாமல் ஓட்டக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். மொத்தமாகவும் கொடுக்க வேண்டாம். முக்கியமில்லாத ஒரு படக் கேசட்டை முதலில் கொடுத்து, எப்படி வருகிறது என்று பாருங்கள். சரியாக வந்தால் அடுத்தது அக்கா கல்யாணம். சினிமாப் படங்கள் அதற்கப்புறம் மெதுவாகப் போகட்டும்.

ஸ்காபரோ உறவே, அந்த ஹொக்கி வந்த படத்தின் பெயரைத் தனியாகச் சொல்லுங்கள். என்னிடம் இருந்தால் டிவிடியாக அனுப்புகிறேன். இந்தியாவில் விற்ற டிவிடிகளில் சிலவற்றில் ஐந்தாம் மண்டலப் பூட்டு இருக்கும், அதாவது அந்த மண்டலத்துக்கான பிளேயரில்தான் ஓடும். உங்கள் ஊர்ப் பிளேயர் ஒன்றாம் மண்டலம். அதனால் பூட்டில்லாத பிரதியாகப் பார்த்துத்தான் எடுத்து வைப்பேன். உங்கள் அம்மாவுக்குக் கடைசிக் காட்சியைக் காட்டிவிட்டு, அவர் சொன்ன கதையும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று எனக்கு எழுதுங்கள். படத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.