1492 என்ற எண்: ரூட்டர் செட்டிங்ஸில் பட்ட அனுபவங்கள்

காவிரிக்கரை:

அம்மா தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார், நான் ஓசூரில். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது வாசலில் ஒரு கேமரா மாட்டினோம். ராத்திரி நேரத்தில் யாராவது கேட்டைத் தட்டினால் நானும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. கேமரா போட்டவர் கேமரா படத்தைப் பதிவு செய்யும் பழைய டிவிஆர் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு, "வெளியூர்ல இருந்து பார்க்கணும்னா ரூட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் பண்ணிக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக்குள் இருக்கும் ஒரு கருவிக்குத் திருப்பிவிடும் விதி அது.

சரி என்று 192.168.1.1க்குள், அதாவது ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போனேன். முதலில் டிவிஆருக்கு ஒரு நிலையான உள் ஐபி (வீட்டு நெட்டுக்குள் அதன் முகவரி எண்) கொடுத்தேன். இல்லாவிட்டால் கரண்ட் போய் வரும்போது அதன் ஐபி மாறிவிடும், நாம் போட்ட விதி வேறு ஏதோ ஒரு போனைக் காட்டிக்கொண்டிருக்கும். உள் ஐபிகளைப் பங்கிடும் டிஎச்சிபி பக்கத்தில் டிவிஆரின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் போட்டு 192.168.1.50 என்று கட்டிவைத்தேன். அப்புறம் போர்ட்டைத் திறந்தேன். போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பார்த்தால் ஒன்றும் வரவில்லை. போர்ட் எண்ணை மாற்றினேன். ஃபயர்வாலைக் குறைத்தேன். கடைசியில் எல்லாப் போர்ட்டும் திறந்துகிடக்கும் டிஎம்இசட்டிலேயே டிவிஆரைத் தூக்கி வைத்தேன். ராத்திரி ஒன்றரை மணி ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. வேன் ஐபி (ரூட்டரின் வெளிப்பக்க முகவரி) என்ற இடத்தில் இருந்த எண் 100.72 என்று ஆரம்பித்தது. 'என் ஐபி என்ன' என்று காட்டும் தளமோ முற்றிலும் வேறு ஒரு எண்ணைக் காட்டியது. 100.64இலிருந்து 100.127 வரை உள்ள முகவரிகள் பொது இணையத்தில் செல்லாதவை. ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் நிறுவனங்களுக்காகவே 2012இல் அவற்றை ஒதுக்கினார்கள். சிஜிநாட் என்பது இதைத்தான். ஒண்டுக்குடித்தன வீட்டில் நம் அறைக் கதவை ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தாலும் வருகிறவர் எப்படி உள்ளே வருவார்? தெருக்கதவுச் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கிறதே. நான் ராத்திரி முழுக்க அறைக் கதவோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

யாராவது போர்ட் ஃபார்வர்டிங் செய்யப்போனால் முதலில் இந்த ஒரு எண்ணைப் பாருங்கள். பத்து விநாடி வேலை. 100.64 முதல் 100.127க்குள் இருந்தாலோ, முதல் புள்ளிக்கு முன்னால் வெறும் 10 இருந்தாலோ, ரூட்டரில் எதைத் தொட்டாலும் பலன் இல்லை. தனி ஐபி கேட்டு வாங்க வேண்டும், அல்லது டிவிஆரின் சொந்த ஆப் வழியாகப் பார்க்க வேண்டும். நான் ஆப் வழிக்கே போனேன். டிஎம்இசட்டை உடனே எடுத்துவிட்டு, போர்ட்டையும் மூடினேன். 2016 அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்களைக் கீழே தள்ளிய மிராய் என்ற தீநிரலின் தாக்குதல், இப்படித் திறந்துகிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துத்தான் நடந்தது. நிறுவனம் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்தார்கள். அம்மா வீட்டு வாசலைக் காட்டும் பெட்டி அது. முதல் வேலையாக அதன் பாஸ்வேர்டை மாற்றினேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதவே வந்திருக்க மாட்டேன். அந்த ராத்திரியில், ஏதோ ஒரு வீடியோவில் வேகம் கூடும் என்று சொன்னதைக் கேட்டு, எம்டியூ (ஒரு பாக்கெட், அதாவது ஒரு தகவல் துண்டு, எத்தனை பைட் வரை இருக்கலாம் என்ற அளவு) என்ற கட்டத்தில் இருந்த 1492ஐ 1500 ஆக்கியிருந்தேன். மறந்தும் போய்விட்டேன். ஓசூர் திரும்பிய மூன்றாம் நாள் அம்மா போன் செய்தார். "மெசேஜ் எல்லாம் போவுதுடா, போட்டோ மட்டும் போவ மாட்டேங்குது. பேங்க் பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு." நெட் கொடுக்கும் ஆபீசில் கேட்டால், லைனில் கோளாறு இல்லை, லைட் எல்லாம் பச்சைதான் என்றார்கள். அவர்கள் சொன்னதும் உண்மைதான்.

பக்கத்து வீட்டுத் தம்பியை லேப்டாப்போடு உட்கார வைத்து, நான் போனில் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். பிங் கட்டளை, நாலு பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. அதில் பாக்கெட்டை உடைக்கக் கூடாது என்று ஒரு குறி, அளவு 1472. பதில் இல்லை. 1470, பதில் இல்லை. 1468, இல்லை. 1466, இல்லை. 1464 போட்டதும் "அண்ணே, நாலும் வந்துடுச்சு" என்றான். 1464உடன் தலைப்புத் தகவலுக்கான 28 பைட்டைக் கூட்டினால் 1492.

எங்கள் லைன் யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு டயல் ஆகும் பிபிபிஓஇ லைன். ஈதர்நெட் பாக்கெட்டில் கொள்ளும் 1500 பைட்டில் 8 பைட்டை அந்த ஏற்பாடே எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 1492. நான் 1500 என்று போட்டதால் சின்னப் பாக்கெட்டுகள் தாராளமாகப் போயின, முழு அளவுப் பாக்கெட்டுகள் வழியிலேயே விழுந்தன. எழுத்தில் வரும் மெசேஜ் சின்னது, போட்டோ பெரியது. அம்மா சொன்ன அறிகுறியிலேயே பதில் இருந்திருக்கிறது.

தம்பி 1492 போட்டு சேவ் செய்து, ரூட்டர் அணைந்து எரிந்த கொஞ்ச நேரத்தில் அம்மாவிடமிருந்து ஒரு படம் வந்தது. கொல்லையில் பூத்திருந்த நந்தியாவட்டை. காலையிலிருந்து அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

விழுப்புரம் ரயிலடி:

நீங்கள் பழைய எண்ணையாவது தெரிந்துகொண்டீர்கள். நான் எதையும் குறித்து வைக்காமலே ரீசெட் அடித்தவன். வைஃபை பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று பின்னால் இருக்கும் ஓட்டையில் ஊக்கை விட்டுப் பத்து விநாடி அழுத்தினேன். அழித்தது வைஃபை பாஸ்வேர்டை மட்டும் இல்லை. டயல் ஆகும் யூசர்நேம், அதன் பாஸ்வேர்டு, விலான் எண், எல்லாம் போயிற்று. பான் லைட் பச்சையாக நிலையாக எரிந்தது, அதாவது ஃபைபர் சரியாக வந்துகொண்டிருந்தது. இன்டர்நெட் லைட் மட்டும் எரியவில்லை.

அது வெள்ளிக்கிழமை சாயங்காலம். கஸ்டமர் கேரில் யூசர்நேமைச் சொன்னார்கள், விலான் எண் அங்கே பேசியவருக்குத் தெரியவில்லை. அது இல்லாமல் யூசர்நேமை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நாம் அனுப்புவது எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று சொல்லும் எண் அதுதான். திங்கட்கிழமை லைன்மேன் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் போட்டு முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மூன்று நிமிட வேலைக்காக என் மகள் இரண்டு நாள் பக்கத்துத் தெருவில் சித்தி வீட்டில் போய் உட்கார்ந்து படித்தாள். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

இப்போது எந்தப் பக்கத்தைத் தொடும் முன்பும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். பல ரூட்டர்களில் பேக்கப் என்று ஒரு பொத்தான் இருக்கும், மொத்த செட்டிங்ஸையும் ஒரே கோப்பாக இறக்கித் தரும். அதையும் செய்துவிடுகிறேன்.

கோவை மாடிவீடு:

என்னுடையது சின்ன விஷயம். பாதுகாப்பு அதிகம் என்று வைஃபையின் பூட்டு முறையை டபிள்யூபிஏ3க்கு மாற்றினேன். அது 2018இல் வந்த முறை, நல்ல முறைதான். ஆனால் மாற்றிய அன்றே பிரிண்டரும் மாமியாரின் பழைய போனும் நெட்டில் சேர மறுத்தன. போனைக் கடையில் கொடுத்து நூற்றைம்பது ரூபாய் செலவு செய்த பிறகுதான் காரணம் தெரிந்தது. பழைய டபிள்யூபிஏ2, புதிய டபிள்யூபிஏ3 இரண்டையும் சேர்த்து வைக்கும் கலப்பு முறை அதே பட்டியலில் இருக்கிறது. அதில் போட்டதும் எல்லாம் வந்துவிட்டன.

இன்னொன்று, அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 இந்த மூன்று சேனல்கள்தான் ஒன்றன் மேல் ஒன்று படியாதவை. நான் 'கூட்டம் இல்லை' என்று 3ஐப் பிடித்தேன். 1இல் இருப்பவர்களின் இரைச்சலும் 6இல் இருப்பவர்களின் இரைச்சலும் சேர்ந்து கிடைத்தன. 11க்கு மாறி, அகலத்தை 40இலிருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்ததும் படுக்கையறையில் வீடியோ கால் அறுபடுவது நின்றது. அகலத்தைக் குறைத்தால் வேகம் போய்விடுமே என்று பயந்தேன். நெரிசலான கட்டடத்தில் குறுகலான தடம்தான் எனக்கு நிதானமாக ஓடுகிறது.

பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு எண்ணைப் போட்டு வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் பின் முறையை எல்லோரும் அணைத்துவிடுங்கள். எட்டு இலக்கம்தானே, பலமானது என்று தோன்றும். ரூட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். அதனால் 11,000 முயற்சிக்குள் திறந்துவிடலாம் என்று 2011இலேயே காட்டிவிட்டார்கள்.

காவிரிக்கரை:

விழுப்புரம் நண்பர் சொன்னதைப் படித்தவுடன் அம்மாவுக்குப் போன் செய்து, ரூட்டர் பக்கத்தில் யாரும் ஊக்கோடு போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். யூசர்நேம், விலான் எண், எம்டியூ, டிவிஆரின் ஐபி நான்கையும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டப்போகிறேன். பாஸ்வேர்டை மட்டும் அம்மா தன் பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.