மழையே பெய்யவில்லை, தெர்மாமீட்டரில் 3 டிகிரி: புல்லில் ஐஸ் எப்படி வந்தது?

தலைகுந்தா அம்மா:
என் மகள் எட்டாவது படிக்கிறாள். இந்த வாரம் எங்கள் பக்கம் உறைபனி ஆரம்பித்துவிட்டது. காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தால் வாசல் புல்லெல்லாம் உப்பைக் கொட்டியது போல வெள்ளை. பைக் சீட்டில் நகத்தால் சுரண்டி எடுக்கும் அளவுக்கு இருந்தது. சுரண்டிக்கொண்டே கேட்டாள், "ராத்திரி மழையே பெய்யலையேம்மா, இந்தத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு?" காற்றில் இருக்கிற ஈரம்தான் என்றேன். விடவில்லை. சுவரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "3 டிகிரிதான் காட்டுது. 0 டிகிரியிலதானே தண்ணி உறையணும்?"

அவள் புத்தகத்தில் திண்மம், திரவம், வாயு என்று மூன்று கட்டம் போட்டுத் துகள்களைப் புள்ளிகளாக வரைந்திருக்கிறது. அந்தப் படத்தை வைத்து இதை எப்படி விளக்குவது? நான் படித்தது பி.காம். தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது என்றுதான் இங்கே கேட்கிறேன்.

கோத்தகிரி டீச்சர்:
கோத்தகிரிப் பக்கம் முப்பது வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவள் நான். உங்கள் மகளின் கேள்வி இரண்டுமே அருமையானவை.

தெர்மாமீட்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் புல் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, அது தரையோடு தங்கிப் பள்ளத்தில் தேங்கும். சுவரில் 3 டிகிரி இருக்கும்போதே புல்லின் நுனி 0-க்குக் கீழே போயிருக்கும். நாளைக்கு விடியும் முன் தெர்மாமீட்டரைக் கழற்றிப் புல்லில் படுக்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது தண்ணீர். காற்றில் நீராவி எப்போதும் உண்டு, கண்ணுக்குத் தெரியாது. ஊட்டியில் நாம் பார்க்கும் மூடுபனி நீராவி இல்லை, அது பொடிப்பொடியான திரவத் துளிகள். பெரியவர்களே இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். கெண்டியில் தண்ணீர் கொதிக்கும்போது மூக்கை ஒட்டினாற்போல் ஒரு விரற்கடை இடத்தில் ஒன்றுமே தெரியாது, அதற்கு அப்பால்தான் வெள்ளையாகத் தெரியும். ஒன்றும் தெரியாத அந்த இடத்தில் இருப்பதுதான் வாயு.

இந்தக் குளிரிலும் நீராவித் துகள்கள் நொடிக்கு 500 மீட்டருக்கு மேலான வேகத்தில் பறந்து மோதிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் சில, 0-க்குக் கீழே போன புல்லில் முட்டும்போது வேகத்தை இழக்கின்றன. பக்கத்துத் துகள்களின் ஈர்ப்புக்கு அதுவே போதும். பிடித்து உட்கார வைத்துவிடும், அறுகோண வரிசையாக. நடுவில் திரவம் ஆகாமல் வாயு நேராகத் திண்மமாவதைப் படிதல் என்கிறோம். இதற்கு நேர் எதிரானது பதங்கமாதல்.

ஒரு விஷயத்தை மட்டும் அவள் மனதில் அழுத்திப் பதிய வையுங்கள். துகள் உருகாது. உறையாது, கொதிக்காது, அளவில் பெரிதாகவும் ஆகாது. "பனிக்கட்டியின் துகள்கள் உருகி நீராகின்றன" என்று எழுதிய விடைத்தாள்களை எத்தனையோ திருத்தியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனசு கேட்காது. உருகுவது கட்டிதான். துகள்கள் அதே துகள்கள், ஒன்றை ஒன்று பிடித்திருக்கும் விதமும் அசையும் விதமும்தான் மாறுகின்றன.

இதை நான் மைதானத்தில்தான் நடத்துவேன். நாற்பது பிள்ளைகளை வரிசையாகக் கைகோத்து, கால் நகராமல் ஆடச் சொல்வேன்: திண்மம். விசில் அடித்தால், கூட்டத்தை விட்டுப் போகாமல் ஒருவர் கையை விட்டு இன்னொருவர் கையைப் பிடித்து நகர வேண்டும்: திரவம். அடுத்த விசிலுக்கு மைதானத்தின் எல்லா மூலைக்கும் ஓட்டம்: வாயு. பிள்ளைகள் அதே நாற்பது பேர், எடையும் அதே எடை. ஆனால் நிஜத்தில் இடைவெளி இதைவிட மிகப் பெரியது. ஒரு மில்லி தண்ணீர் 100 டிகிரியில் ஆவியானால் சுமார் 1,700 மில்லி இடத்தைப் பிடிக்கும். அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் "காற்று" என்பார்கள். காற்றே துகள்கள்தானே! அங்கே எதுவும் இல்லை, வெற்றிடம்.

அப்புறம், அந்தப் புத்தகப் படம் தண்ணீருக்கு முழுசாகப் பொருந்தாது. திண்மத்தில் நெருக்கம் அதிகம் என்றுதான் வரைவார்கள். பனிக்கட்டியின் அறுகோண அடுக்கில் நடுவே காலி இடம் இருப்பதால் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடிவிடுகிறது. ஐஸ் மிதப்பது அதனால்தான்.

கேத்தி விவசாயி:
டீச்சர், வணக்கம். எங்களுக்குக் கேரட், உருளைக்கிழங்கு. உறைபனி ராத்திரியில் பயிருக்கு ஸ்பிரிங்க்ளர் போடுவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் சொந்தக்காரர்கள் "குளிருக்குப் போய்த் தண்ணியா அடிப்பீங்க?" என்பார்கள். பயிர் பிழைப்பதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். ஒரு ஜனவரியில் விடிய நாலு மணிக்கு மோட்டார் நின்றுவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் உருளை இலை வெந்நீர் ஊற்றியது போலக் கறுத்துக் கிடந்தது. தண்ணியே அடிக்காத பக்கத்துத் தோட்டத்தைவிட எங்களுடையதுதான் மோசம். அது ஏன்?

கோத்தகிரி டீச்சர்:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது தம்பி. மைதானத்துப் பிள்ளைகளையே நினைத்துக்கொள்ளுங்கள். ஓடி ஆடுகிறவர்கள் கைகோத்து நிற்க வேண்டுமானால் தங்களிடம் இருக்கும் ஆற்றலை வெளியே விட வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 334 ஜூல் வெப்பம் வெளிவருகிறது. அதுதான் உள்ளுறை வெப்பம். தண்ணீர் விழுந்து உறைந்துகொண்டே இருக்கும்வரை இலை 0 டிகிரியை ஒட்டியே நிற்கும், அதற்கு மேல் இறங்காது. மோட்டார் நின்றதும் கணக்கு தலைகீழ். இலையில் இருக்கும் ஈரம் ஆவியாகத் தொடங்கும். துகள் கூட்டத்தை விட்டே பறக்க வேண்டுமே, அதற்கு ஒரு கிராமுக்குச் சுமார் 2,500 ஜூல் வேண்டும். அதை இலையிடமிருந்துதான் எடுக்கும். ஏழு கிராம் உறைந்து கொடுத்த சூட்டை ஒரே ஒரு கிராம் ஆவியாகித் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால், ஆரம்பித்தால் வெயில் ஏறி ஐஸ் உருகும்வரை நிறுத்தவே கூடாது. இடையில் நின்றுவிடும் என்று பயம் இருந்தால் பயிரையே வைக்கோலால் மூடிவிடுவது மேல்.

தலைகுந்தா அம்மா:
டீச்சர், இன்றைக்குச் செய்து பார்த்தோம். ஐந்தரைக்குச் சுவரில் 3. கழற்றிப் புல்லில் கால் மணி நேரம் வைத்தோம், மைனஸ் 1. டார்ச் அடித்து அவளே படித்து நோட்டில் எழுதினாள். எட்டு மணிக்கு வெயில் பட்டதும் வேலிக்கட்டையிலிருந்து புகை போல எழுந்தது. "பாரு, ஐஸ் வாயுவா போகுது" என்றேன். "இல்லம்மா, நமக்குத் தெரியுதில்ல, அப்ப அது துளிங்க. வாயு அதுக்கும் கட்டைக்கும் நடுவுல இருக்கும்" என்று குனிந்து தேட ஆரம்பித்துவிட்டாள். ஸ்கூல் பஸ்ஸை விட்டுவிட்டோம்.