'மை பிரில்லியன்ட் ஃப்ரெண்ட்': நான்காம் சீசனில் முகங்கள் மாறுவதை ஏற்க முடியுமா?

கேள்வி:
இத்தாலிய எழுத்தாளர் எலேனா ஃபெரான்டேயின் நான்கு நேப்பிள்ஸ் நாவல்களைத் தழுவி 2018 முதல் 2024 வரை வெளிவந்த இத்தொலைக்காட்சித் தொடரின் மூன்று சீசன்களைப் பார்த்து முடித்திருக்கிறேன். மார்கெரிட்டா மட்சுக்கோவும் கையா ஜிராச்சேயும் பள்ளி வயதிலிருந்து முப்பதைக் கடக்கும் வரை தோழிகளான எலேனாவாகவும் லிலாவாகவும் நடித்ததால், அந்தப் பெயர்களோடு அவர்களுடைய முகங்களே என் மனத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டன. நான்காம் சீசனில் ஆல்பா ரோர்வாக்கரும் ஐரீனே மயோரீனோவும் வருகிறார்கள் என்றறிந்து தயங்குகிறேன். வாழ்நாள் முழுதும் நீளும் ஒரு நட்பின் கதையில் இது தொடர்ச்சியை அறுத்துவிடாதா?

பதில் 1:
ஆல்பா ரோர்வாக்கர் உங்களுக்குப் புதியவர் அல்லர். முதல் சீசனிலிருந்தே முதிய எலேனாவின் குரலாகக் கதை சொல்லி வருபவர் அவர்தான். மூன்றாம் சீசனின் முடிவில், விமானத்தில் எலேனா கண்ணாடியைப் பார்க்கும்போது தெரிவதும் அவருடைய முகமே. இத்தனை காலம் கேட்ட குரலுக்கு இப்போது உடல் கிடைத்திருக்கிறது என்றே நான் கொண்டேன்.

பதில் 2:
மூன்றாம் சீசன் படமாக்கப்பட்டபோது மட்சுக்கோவும் ஜிராச்சேயும் இருபது வயதை எட்டியிருக்கவில்லை. திருமணத்தின் சலிப்பும் குழந்தைகளை வளர்க்கும் அயர்ச்சியும் எழுத்தாளராகும் தவிப்பும் அவ்வளவு இளைய முகத்தில் முழுமையாகப் படியவில்லை என்பது என் கருத்து. ஜிராச்சே மட்டும், குறிப்பாகத் தொத்திறைச்சித் தொழிற்சாலைக் காட்சிகளில், வயதை மீறி நடித்தார்.

பதில் 3:
மட்சுக்கோவைப் பற்றிய அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. எதையும் வெளிக்காட்டாமல் உள்ளுக்குள் பொறாமைப்படும் எலேனாவுக்கு அவருடைய அமைதிதான் பொருந்தியது. ஆயினும் நான்காம் சீசனைத் தவறவிட வேண்டாம். 1980 நவம்பர் 23 அன்று நிலம் நடுங்கும்போது, கருவுற்றிருக்கும் தோழியர் இருவரும் காருக்குள் அடைபட்டிருக்க, எதற்கும் அஞ்சாதவள் என்று நாம் நம்பிவந்த லிலா, பொருள்களும் மனிதர்களும் தங்கள் விளிம்புகளை இழந்து சிதறுவதாகத் தன்னைச் சிறுவயது முதல் வதைத்துவரும் அச்சத்தை முதன்முறையாகத் தோழியிடம் முழுமையாகச் சொல்கிறாள். கணினி நிறுவனம் நடத்தி, பேட்டை முழுவதும் மதிக்கும் பெண்ணாக உயர்ந்தவள் அப்படி உடைவதை மயோரீனோ நடித்திருக்கும் விதத்தைப் பார்த்த பிறகு, முந்தைய முகத்தை நான் தேடவில்லை.

கேள்வி கேட்டவர்:
அந்தக் குரலை நான் கவனித்ததே இல்லை. நான்காம் சீசனைத் தொடங்கும் முன், மூன்றாம் சீசனின் இறுதி அத்தியாயத்தை மீண்டும் பார்க்கப்போகிறேன்.